ஏழாம் அறையின் பத்து நிமிடம்

சார்,

உங்கள் கடிகாரம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று ஐந்துக்கு. அந்தக் கடிகாரத்தின்படி பதினொன்று பதினைந்து. உங்கள் மகன் திருவதிகையிலிருந்து பைக்கில் வந்து, ஒரு துணிக்கடைப் பையை என் கையில் கொடுத்தான். மந்தாரக்குப்பத்து வெயிலில் வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போதே சொன்னாரு அங்கிள். வீட்டுல எத வேணா யாருக்கு வேணா குடு, இத மட்டும் சாருக்குக் குடுத்துடுன்னாரு. டைம மாத்தாம குடுக்கணுமாம்."

"ஏன்னு சொன்னாரா?"

"கேட்டேன். சாருக்குத் தெரியும்னாரு."

தெரியும். இருந்தாலும் பையிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மூடிக்கு மேலே ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. நடுவில் நீல மையில், உங்கள் சாய்ந்த கையெழுத்தில்: 'அறை எண் 7.' ஏழு ஆண்டுகளாக அதைக் கிழிக்காமல் வைத்திருந்திருக்கிறீர்கள். வாய் இருந்த காலத்தில் ஒரு வார்த்தை சொல்லாதவர், போனபின் ஒரு கடிகாரத்தை அனுப்பிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள நினைத்தீர்கள். உங்கள் துணிச்சலின் அளவு அவ்வளவுதான் என்பது எனக்குப் புதிய செய்தியும் அல்ல.

நீங்கள் காலமானது பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மூன்றாம் நாளே பழைய மாணவர்கள் உங்கள் படத்தைப் பெரிதாக அச்சிட்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பேனர் கட்டினார்கள். 'நேரம் தவறாத நேர்மையாளர்' என்று அதில் போட்டிருந்தது. நான் தினமும் காலையில் பால் வாங்கப் போகும் வழி அது. ஒன்பது நாட்கள் அந்தப் பேனரைக் கடந்து போனேன். பத்தாம் நாள் காற்றில் கிழிந்து, உங்கள் முகம் மடிந்து, 'தவறாத' என்ற சொல் மட்டும் தெரிந்தது. யாரும் எடுத்துக் கட்டவில்லை.

அந்தக் கடிகாரத்தின் கதை நம் இருவருக்கும் தெரியும். நிலக்கரிச் சுரங்க நிறுவனம் நடத்திய பாதுகாப்பு வாரப் போட்டியில் உங்கள் மனைவிக்குக் கிடைத்த பரிசு அது. கறுப்பு விளிம்பு, பெரிய எண்கள். அவர் நிறுவன ஆஸ்பத்திரியில் நர்ஸ்; முதல் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்பில் ஷிப்டுக்குப் போகிறவர் இருந்த எந்த வீட்டுக் கடிகாரம் சரியான நேரம் காட்டியது? பஸ் யாருக்காகவும் நிற்காது என்பதால் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பது குவார்ட்டர்ஸ் வீடுகளின் எழுதப்படாத சட்டம். ஞாயிறு மாலைகளில் நான் உங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வரும்போதெல்லாம் அதை நிமிர்ந்து பார்த்து முகம் சுளிப்பேன். உங்கள் மனைவி சமையலறையிலிருந்தே சிரிப்பார்.

"அண்ணா, அது பஸ் டைம். பத்தக் கழிச்சுக்கோங்க."

"கடிகாரம் எதுக்கும்மா? நேரம் காட்டத்தானே?"

"நேரம் பாக்கறவங்களுக்கு நேரம் காட்டட்டும். எனக்கு பஸ்ஸுதான்."

நீங்கள் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமலேயே, "பிசிக்ஸ் வாத்தியார் கிட்ட மாட்டிக்காத, காபி ஆறிடும்," என்பீர்கள். பண்ருட்டிப் பலாச்சுளை ஒரு தட்டில் இருக்கும். துணி காயப்போட்ட கொடியில் நிலக்கரித் தூள் படிந்ததைப் பற்றி உங்கள் மனைவி புலம்புவார். நல்ல மாலைகள்தான். மறுக்கவில்லை. அவற்றை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அதிகமாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தேர்வு நடந்தது ஏழு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு நம் பள்ளி மையம். தலைமையாசிரியரான நீங்கள் மையக் கண்காணிப்பாளர். நான் உங்களுக்கு உதவி. காலை ஏழரைக்கே வாசலில் நின்று எத்தனை வேலை செய்தோம்! பெண் பிள்ளைகளின் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னோம். முழுக்கைச் சட்டைகளை முழங்கையோடு கத்தரித்தோம். ஒருத்தியின் தலைமுடியிலிருந்து கொண்டை ஊசியைப் பிடுங்கினார்கள். அவள் தலைவிரிகோலமாகப் போய்த் தேர்வு எழுதினாள். தண்ணீர்ப் புட்டியின் தாளைக்கூடக் கிழித்தோம். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைச் சோதிக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒவ்வோர் அறையிலும் சுவர்க் கடிகாரம் இருக்க வேண்டும் என்பது விதி. ஏழு அறைகள், ஆறு கடிகாரங்கள். ஏழாவதை உங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்து, திரும்ப எடுத்துப் போகும்போது மாறிவிடக் கூடாதே என்று பின்னால் சீட்டும் ஒட்டினீர்கள். ஒட்டத் தெரிந்தவருக்கு முள்ளைத் திருப்பத் தோன்றவில்லை. தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியதும் பிறகு முடிந்ததும் மணியடித்துத்தான். அதனால் அந்தப் பத்து நிமிடம் யாரையும் உறுத்தவில்லை. கழிப்பறைக்குப் போகிறவர்களின் நேரத்தை மட்டும் அந்தந்த அறைக் கண்காணிப்பாளர் சுவரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார்.

பதினொன்று இருபத்தைந்துக்குப் பறக்கும் படையைச் சேர்ந்த ஒரு பெண் அலுவலர் நடைவழியில் போனார். பெண்கள் கழிப்பறைக்குள் இரண்டு குரல்கள், கேள்வி எண்ணையும் விடையையும் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. கைப்பேசியில் நேரம் பார்த்தார். உங்களைக் கூட்டி வர ஓடினார். நீங்கள் வருவதற்குள் உள்ளே யாரும் இல்லை.

பிறகு பதிவேடுகளைப் புரட்டினீர்கள். அந்த நேரத்தில் வெளியே இருந்ததாக இரண்டு பெயர்கள் கிடைத்தன. நான்காம் அறையிலிருந்து, பெரிய பதவியில் இருந்த ஒருவரின் மகள், குவார்ட்டர்ஸ் பெண். ஏழாம் அறையிலிருந்து, கம்மாபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், வெளியே 11.22, உள்ளே 11.29. தந்தை சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் பெயர் வளர்மதி. நீங்கள் கடைசி வரை 'அந்தப் பொண்ணு' என்றே சொன்னதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விசாரணை இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு உங்கள் அறையில். மூன்று நாற்காலிகள்: நடுவில் நீங்கள், வலப்புறம் பல்கலைக்கழகப் பிரதிநிதி, இடப்புறம் நான். நான்காம் அறைப் பெண்ணுக்கு ஆறு நிமிடம்தான் ஆனது. "அவள்தான் கேட்டாள், நான் சும்மா நின்றேன்" என்று அவள் தந்தையே எழுதிக் கொடுத்த கடிதத்தை வாசித்தாள். பிரதிநிதி, "குட்," என்றார். பிறகு வளர்மதி. அவளை உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லை.

"சார், நான் போவசொல்ல பாத்ரூம்ல யாருமே இல்ல சார். அந்த அக்காவ நான் பாத்ததே இல்ல."

"பதிவேடு பொய் சொல்லுதா?" என்றீர்கள்.

"அந்த ரூம்பு கடிகாரம் ஃபாஸ்ட்டு சார். பெல்லு அடிக்கசொல்லவே பத்து பத்து காட்டிச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

பிரதிநிதி நாற்காலியில் சாய்ந்து கொண்டார். "ஊர்லேர்ந்து கிளம்பி வந்து டவுன்ஷிப் கடிகாரத்துக்கே கரெக்‌ஷன் சொல்றியாம்மா? பேஷ்."

நீங்கள் சிரித்தீர்கள். அதுதான் சார், அந்தச் சிரிப்பு. எனக்கு அதைப் பார்த்துப் பழக்கம் இல்லை. உங்கள் சாதாரணச் சிரிப்பில் தோள் குலுங்கும். அன்று பல் மட்டும் தெரிந்தது. "பரீட்சைக்கு வந்தியா, கடிகாரம் பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தீர்கள். துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

நான் எழுந்து ஏழாம் அறைக்குப் போனேன். கரும்பலகைக்கு மேலே ஓர் ஆணி மட்டும் இருந்தது. திரும்பி வரும் வழியில், வாசலில் அவள் தந்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் ஒப்பந்தத் தொழிலாளியின் கேட் பாஸ். உள்ளே எட்டிப் பார்த்து உங்களிடம் கேட்டார்:

"சார், அந்தக் கடிகாரத்த ஒரு தபா கொண்டாந்து பாத்துடுங்களேன். அம்மாந்தானே? பாத்தாத் தெரிஞ்சிடும்."

அந்த முழு விசாரணையில் அறிவுள்ள வாக்கியம் அது ஒன்றுதான். அதற்கு நீங்கள், "எங்க வேலைய நீ சொல்லித்தர வேணாம், வெளிய நில்லுய்யா," என்றீர்கள். எம்.எஸ்ஸி. படித்த இரண்டு பேரும், பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக்கொண்ட ஒருவரும் உட்கார்ந்திருந்த அறையில், நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு அதே சுரங்கத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்த மனிதருக்கு மட்டுமே சோதனை என்றால் என்ன என்று தெரிந்திருந்தது.

நான் உங்களிடம், "ஏழாம் அறைக் கடிகாரம் எங்கே?" என்றேன்.

"எடுத்த எடத்துல வச்சாச்சு சார். மணி ஒண்ணே கால். சாப்பாடு ஆறுது."

எடுத்த இடம் எது என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு, தேர்வு முடிந்த களைப்போடு, வழக்கம்போல் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் ஸ்டூல் மேல் ஏறி நின்று கடிகாரத்தை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "தொடைக்க எடுத்தேன் சார்," என்றீர்கள், நான் கேட்காமலேயே. ஞாயிற்றுக்கிழமையின் ஸ்டூலும் வியாழக்கிழமையின் ஆணியும் என் தலைக்குள் ஒன்றுசேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்னாலிருந்த பதிவேட்டில் அவள் பெயருக்கு அடுத்த வரியையும் பார்த்தேன். ஏழாம் அறையிலிருந்து இன்னொரு பெண்: வெளியே 11.33, உள்ளே 11.40. நான்காம் அறைப் பெண்ணின் அதே குவார்ட்டர்ஸ் பிளாக், அதே டியூஷன். பத்தைக் கழியுங்கள். வளர்மதி போனது 11.12, திரும்பியது 11.19, குரல்கள் கேட்ட நேரத்தில் அவள் தன் இடத்தில் இருந்தாள். அடுத்தவள் போனது 11.23, திரும்பியது 11.30. அந்த இரண்டு பெண்கள்தான் பேசினார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. குரலுக்கு முகம் கிடையாது. யார் அங்கே இல்லை என்பதை மட்டும் அந்தக் கழித்தல் சொல்லிவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கழித்தல். உங்கள் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு நினைவூட்டிய கழித்தல்.

நீங்களும் கழித்துப் பார்த்தீர்கள். அதனால்தான் கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைத்தீர்கள். கழித்தால் இன்னொரு குவார்ட்டர்ஸ் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சோதிக்காத கடிகாரத்தைத் தேர்வறையில் மாட்டியவர் யார் என்றும் எழுத வேண்டும். ஓய்வு பெற உங்களுக்குப் பதினான்கு மாதம் பாக்கி. வாசலில் நின்றவர் வெளியே நில் என்றால் நிற்பார். இவ்வளவுதான் உங்கள் ஆராய்ச்சி.

பகல் ஒன்று இருபத்தைந்துக்கு மூவரும் கையெழுத்திட்டோம். என் பழக்கப்படி கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் போட்டேன். நான்காம் அறைப் பெண்ணுக்கு எச்சரிக்கை. வளர்மதிக்கு மூன்றாண்டுத் தடை. அறையைப் பூட்டும்போது என் தோளில் கை வைத்து ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "சந்தேகம் வந்துட்டா யாரையாவது தண்டிச்சுடணும் சார். இல்லேன்னா அது நம்ம பக்கம் திரும்பும்." முப்பத்தோராண்டு ஆசிரியப் பணியில் நீங்கள் கண்டடைந்த தத்துவம் அது. ஒரு திருடன் சொன்னால்கூட அதில் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரவில்லை. முழங்கால் வலி என்றேன். நீங்களும் நம்பியதுபோல் இருந்தீர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் உங்களை இன்னும் பல மையங்களுக்குக் கண்காணிப்பாளராக அழைத்தார்கள். கண்டிப்பானவர் என்று பெயர். கண்டிப்பு என்பது இந்த நாட்டில் யாரிடம் காட்டப்படுகிறது என்று பார்த்தாலே அதன் தரம் தெரிந்துவிடும். பையில் கேட் பாஸ் வைத்திருப்பவனின் பிள்ளையிடம் அது இரும்பு. மற்ற இடங்களில் அதற்குப் பெயர் எச்சரிக்கை.

வளர்மதி எங்கே இருக்கிறாள் என்று எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரியும். என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. நுழைவுத் தேர்வுகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்க்க, மருந்துக் கடைக்குச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, சுற்றிப் போகவில்லை. கடிகாரத்தை அதே துணிக்கடைப் பையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க சார். ஜெராக்ஸா, ஆன்லைனா?"

"என்னத் தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன. இடது கைப் பக்கத்து நாற்காலி."

பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பின்பக்கம் திருப்பிச் சீட்டைக் காட்டினேன். யாருடைய வீட்டுக் கடிகாரம், எப்படி என் கைக்கு வந்தது, எல்லாம் சொன்னேன். அவள் சீட்டை ஒரு முறை வாசித்துவிட்டு முன்பக்கம் திருப்பினாள். கணினித் திரையின் மூலையில் இருந்த நேரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நிமிசம் முன்னாடிதான் ஓடிக்கினு இருக்குது," என்றாள். பிறகு சிரித்தாள். "ஏழு வருசம் ஆச்சு சார். மூணு தெருவு தாண்டறதுக்கு."

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். அஞ்சல் வழியில் பட்டம் முடித்திருக்கிறாள், மேற்படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். கடைசி நாள் இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: தேர்வு முறைகேட்டுக்காக எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு 'இல்லை'ன்னு தட்டறேன் சார். எனக்குன்னா மட்டும் 'ஆம்'. தட முடிஞ்சி போச்சி, கட்டம் மட்டும் முடியல. ரெண்டு எடத்துல இதப் பாத்தே கூப்புடல."

தடையுத்தரவை ரத்து செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மனு அனுப்பலாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: 'மேற்படி தேர்வு மையத்தின் ஏழாம் அறையில் பொருத்தப்பட்டிருந்த சுவர்க் கடிகாரமானது...'

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "அது ரெண்டாவது சார். மொதல்ல, கையெழுத்து போட்டவங்க யாரு யாருன்னு வரணும்."

உங்கள் பெயரைச் சொன்னேன். பிரதிநிதியின் பெயரைச் சொன்னேன். அவள் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். என் பெயரைச் சொன்னேன்.

"தெரிஞ்சி போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?"

கடைக்கு ஒரு பையன் வந்து இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனான். அவன் போனதும் சொன்னேன்.

'கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுவதை அறிந்தே கையெழுத்திட்டேன்.' என் வாயிலிருந்து வந்ததை அவள் ஓர் எழுத்து மாற்றாமல் தட்டினாள். 'அறிந்தே' என்ற சொல்லைத் தடித்த எழுத்தாக்கினாள்.

உங்களை இளக்காரமாக நினைத்தே ஏழாண்டுகள் நிமிர்ந்து நடந்திருக்கிறேன், சார். அதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. உங்களைக் கீழே வைத்த உயரத்தில் நான் நின்றுகொண்டேன். நீங்களாவது அந்தச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தீர்கள். என்னிடம் அதுகூட இல்லை. இதைச் சொல்வதால் உங்கள்மீதான என் எண்ணம் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே எண்ணத்தில் இப்போது இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, அவ்வளவே.

மனு அச்சாகி வந்தது. இரண்டு பக்கம். இருபதாம் தேதி, வியாழக்கிழமை, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. விண்ணப்பத்தில் அவள் 'ஆம்' கட்டத்தையே தட்டி அனுப்பிவிட்டாள். உத்தரவு ரத்தாகும் வரை பொய் எழுத முடியாது என்றாள். கடிகாரம் என் மேசைமேல் இருக்கிறது. சுவரில் மாட்டவில்லை. அழைப்பு வந்தால் சீட்டோடும் அந்தப் பத்து நிமிடத்தோடும் அப்படியே எடுத்துப் போக வேண்டும். அந்தப் பை கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிறது. ஒரு நாளில் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்கிறேனோ அத்தனை முறை பத்தைக் கழிக்கிறேன்.

இன்னொன்றும் என்னோடு வந்துவிட்டது. அன்று கடையில், அச்சான மனுவின் அடியில் கையெழுத்திட்டு, பழக்கத்தில் தேதியும் அதற்குப் பக்கத்தில் நேரமும் போட்டேன். வளர்மதி குனிந்து அதைப் பார்த்தாள்.

"இது எந்தக் கடிகாரத்து மணி சார்?" என்று கேட்டாள்.